புதுப் பூட்ஸில் பிளேடு கோணலா? ஃபிகர் ஸ்கேட்டிங் பிளேடைச் சரியாகப் பொருத்தும் முறை

புதுப் பூட்ஸ் போட்டு ஐஸில் இறங்கியதும் ஒரு கால் மட்டும் உள்பக்கம் மடிந்துகொண்டே போகிறது. ஒற்றைக் காலில் நேராகச் சறுக்கினால் தடம் வளைகிறது. பழைய ஸ்கேட்டில் இந்தத் தொல்லை இல்லை. "கணுக்காலில் பலம் போதாது" என்பார் பயிற்சியாளர். "போடப் போடப் பழகிவிடும்" என்பார் கடைக்காரர். இரண்டும் சில சமயம் உண்மைதான். ஆனால் பிளேடு 2 மி.மீ. தள்ளிப் பொருத்தப்பட்டிருந்தாலும் இதே தொல்லைதான் வரும். பிளேடின் தடிமன் சுமார் 4 மி.மீ. முழு உடல் எடையும் அந்தக் கீற்றின் மேல்தான் நிற்கிறது. அதில் 2 மி.மீ. என்பது பாதி அகலம்.

டொராண்டோ பக்கம் கன்ஸ்கேட் (கனடாவின் தொடக்கநிலை ஸ்கேட்டிங் திட்டம்) வகுப்பில் தொடங்கிய பிள்ளைக்குப் பூட்ஸ் தனியாகவும் பிளேடு தனியாகவும் முதல்முறை வாங்கியிருக்கும் பெற்றோருக்கும், பெரியவர்களான பிறகு ஸ்கேட்டிங் கற்க வந்தவர்களுக்கும் இந்தக் கட்டுரை உதவும். நல்ல ஸ்கேட் டெக்னீஷியன் அருகில் இருந்தால் வேலையை அவரிடமே கொடுங்கள். அப்போதும், என்ன கோளாறு என்று அவரிடம் சரியாகச் சொல்வதற்கு இது பயன்படும்.

பாகங்கள்

பிளேடின் மேல்பக்கம் இரண்டு தட்டுகள் உண்டு. பாதத்தின் முன்பகுதிக்குக் கீழே வருவது முன்தட்டு, ஹீலுக்குக் கீழே வருவது பின்தட்டு. ஒவ்வொரு தட்டிலும் இரண்டு வகைத் துளைகளைப் பார்க்கலாம். வட்டத்துளைகள் நிரந்தரமாகத் திருகுவதற்கு. நீண்டு இருக்கும் நீள்துளைகள் தற்காலிகப் பொருத்தத்துக்கு. நீள்துளையில் இறங்கிய திருகை அரைச்சுற்று தளர்த்தினால், திருகு இருந்த இடத்திலேயே இருக்க, தட்டை மட்டும் ஓரிரு மி.மீ. நகர்த்தலாம். புதுப் பூட்ஸில் பிளேடு சரிசெய்யும் வித்தை முழுவதும் இந்த நீள்துளைகளில்தான் இருக்கிறது. முதல் நாளே வட்டத்துளைகளையும் திருகி முடித்துவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். கடையில் பிளேடு பொருத்தித் தரச் சொல்லும்போது "இப்போதைக்கு நீள்துளைகளில் மட்டும் திருகுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பல இடங்களில் எல்லாத் துளைகளையும் நிரப்பித்தான் கையில் கொடுப்பார்கள்.

தொடக்கநிலைக்கான விலை குறைந்த செட்களில் சிலவற்றில் பிளேடு ரிவெட் அடித்து வரும். அவற்றை நகர்த்த முடியாது. பிளேடு கோணலாக இருப்பது வாங்கியதும் தெரிந்தால், ஐஸில் இறங்கும் முன்பே கடையில் மாற்றிக்கொள்வதுதான் வழி.

பிளேடின் நீளம் கால் அங்குல வித்தியாசத்தில் கிடைக்கும். பிளேடின் பின்தட்டு ஹீலுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தால் அது அளவுக் கோளாறு. எப்படிப் பொருத்தினாலும் தீராது, மாற்றத்தான் வேண்டும்.

பொருத்தத்தைக் குறை சொல்லும் முன்

நாங்கள் பார்த்தவரை, "பிளேடு கோணல்" என்று வரும் புகார்களில் பல, பொருத்தத்தால் வந்தவை அல்ல. திருகைத் தொடும் முன் நான்கைந்து விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும். ஒருமுறை துளை போட்டால் அது போட்டதுதான்.

முதலில் சாணை. பிளேடின் அடியில் நடுவே ஒரு பள்ளம் ஓடுகிறது. அதன் இருபுறமும் உள்விளிம்பு, வெளிவிளிம்பு என்று இரண்டு விளிம்புகள் உண்டு. இரண்டும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்று உயர்ந்திருந்தால், பிளேடு எவ்வளவு நேராகப் பொருத்தப்பட்டிருந்தாலும் கால் ஒரு பக்கமே இழுக்கும். சோதிப்பது எளிது. பூட்டைத் தலைகீழாகப் பிடித்து, 15 செ.மீ. இரும்பு ஸ்கேல் ஒன்றை இரண்டு விளிம்புகளின் மேலும் படும்படி குறுக்காக, அதன் நடுப்புள்ளி பிளேடில் இருக்குமாறு வையுங்கள். பின்னாலிருந்து பார்க்கையில் ஸ்கேலும் பிளேடும் கச்சிதமான செங்கோணத்தில் இருக்க வேண்டும். விளிம்புகளுக்கு இடையே 0.1 மி.மீ. உயர வித்தியாசம் இருந்தாலே ஸ்கேலின் ஒரு முனை மற்றதைவிட ஏறக்குறைய 4 மி.மீ. தாழ்ந்து தெரியும். டோ பிக்குக்கு (பிளேடின் முன்முனையில் உள்ள பற்கள்) சற்றுப் பின்னால், நடுவில், ஹீல் பக்கம் என்று மூன்று இடங்களில் பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் சாணை பிடித்தவரிடம் திருப்பிக் கொடுங்கள். புது பிளேடு என்பதால் சாணை சரியாகத்தான் இருக்கும் என்று எண்ண வேண்டாம். தொழிற்சாலை விளிம்பு பலவற்றில் மழுங்கலாகவே வரும். முதல் சாணை பிடித்த பிறகுதான் எந்தச் சோதனைக்கும் மதிப்பு.

அடுத்து, பிளேடே வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். துப்பாக்கியில் குறி பார்ப்பதுபோல ஹீல் முனையில் கண்ணை வைத்துப் பிளேடின் நீளவாக்கில் பாருங்கள். பக்கவாட்டில் வளைவோ முறுக்கோ தெரிந்தால் அது பிளேடின் குறை. 1696 முதல் வரலாறு கொண்ட ஷெஃபீல்டின் ஜான் வில்சன் பிளேடாக இருந்தாலும் சரி, விலை குறைந்த பிளேடாக இருந்தாலும் சரி, பெட்டியைத் திறந்ததும் இதைச் செய்துவிட வேண்டும். திருகிய பிறகு வளைவு தெரிந்தால், வளைவு முன்பே இருந்ததா, திருகியதால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

மூன்றாவது, கயிறும் பூட்டின் அளவும். பூட்டுக்குள் ஹீல் மேலே எழும்பினாலோ, கணுக்கால் பகுதியில் கயிறு தளர்ந்திருந்தாலோ பாதம் உள்ளே தன்னிஷ்டத்துக்குச் சாயும். பிளேடை எங்கே நகர்த்தினாலும் அது நிற்காது. சூடாக்கிக் காலுக்கு ஏற்ப வடிவமைக்கும் வகைப் பூட்ஸ் என்றால் அந்த வேலை முதலில் முடிந்திருக்க வேண்டும். தனியாகச் செய்த இன்சோல் போடுவதாக இருந்தால் அதுவும் உள்ளே இருக்க வேண்டும். பிளேடை ஒருமுறை சரிசெய்துவிட்டுப் பிறகு இன்சோலை மாற்றினால் எல்லாச் சோதனையும் மீண்டும் முதலிலிருந்து.

கடைசியாகப் பாதம். வெறுங்காலில், தரையில், முழங்காலைச் சற்று மடக்கி ஒற்றைக் காலில் நின்று பாருங்கள். யாரையாவது பின்னாலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். அப்போதே கணுக்கால் உள்பக்கம் விழுந்தால் அது பாதத்தின் இயல்பு. இரண்டு கால்களிலும் ஒரே அளவு விழுகிறதா, ஒன்றில் மட்டுமா என்பதும் முக்கியம். தரையில் இரண்டு கால்களும் ஒன்றுபோல நின்று, ஐஸில் ஒரு கால் மட்டும் தகராறு செய்தால், அப்போதுதான் பொருத்தத்தின் மேல் சந்தேகம் வலுவாக விழுகிறது.

முதல் பொருத்தம்

கையில் இருக்க வேண்டியவை: தலை தேயாத 2ஆம் எண் ஸ்டார் ஸ்குரூடிரைவர், செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் குத்தூசி, 2 மி.மீ. முதல் 2.4 மி.மீ. வரையான டிரில் பிட், காகித டேப், 30 செ.மீ. இரும்பு ஸ்கேல், வெள்ளி நிற மார்க்கர், தேன்மெழுகு கலந்த தோல் மெழுகு, மரப்பசை, பல்குச்சி, உறுதியான பிளேடு கார்டு (பிளேடின் விளிம்பை மூடும் உறை). பிளேடு கார்டு போடாமல் திருகத் தொடங்க வேண்டாம். ஸ்குரூடிரைவர் வழுக்கினால் உள்ளங்கை விளிம்பின் மேல்தான் போய் விழும்.

திருகுகள் பிளேடோடு வரும். அவற்றையே பயன்படுத்துங்கள். வேறு வாங்க நேர்ந்தால் துருப்பிடிக்காத எஃகுத் திருகாக வாங்கி, தலை தட்டின் குழிக்குள் சரியாக உட்காருகிறதா என்று வைத்துப் பாருங்கள். மேலே துருத்திக்கொண்டு நிற்கும் தலை தட்டை ஒரு பக்கமாக இழுத்து இறுக்கும். பெரியவர் பூட்ஸில் முன்தட்டுக்கு அரை அங்குலத் திருகும், ஹீலுக்கு 5/8 முதல் 3/4 அங்குலத் திருகும் வழக்கம். ஹீல் திருகை மறந்து முன்னால் போட்டால் நுனி இன்சோலைத் தாண்டி விரலடியில் குத்தும். குழந்தைகளின் சின்னப் பூட்ஸில் அடிப்பாகம் மெலிதாக இருக்கும் என்பதால் அங்கே இன்னும் கவனம் தேவை.

தோல் அடிப்பாகம் என்றால் துளை போடும் முன்பே நீர் புகாமல் மெழுகு ஏற்றிவிடுங்கள். அடித்தோலின் பக்கவாட்டு ஓரங்கள், ஹீலின் முன்முகம் இரண்டையும் மறக்க வேண்டாம். தண்ணீர் பெரும்பாலும் அங்கேதான் புகும். ஒரு பூச்சு போட்டு இரவு முழுவதும் விட்டு, மறுநாள் இன்னொரு பூச்சு. ஈரம் ஏறிய தோல் ஊறி மெத்தென்றாகிவிட்டால் திருகு பிடிக்காது. இரண்டாவது ஆண்டில் பிளேடு ஆடத் தொடங்கும் பூட்ஸ்களின் கதை இதுதான். ஏடியா போன்ற செயற்கை அடிப்பாகம் கொண்ட பூட்ஸுக்கு மெழுகு தேவையில்லை. ஆனால் அவற்றில் வழித்துளை போடாமல் திருகக் கூடாது. தயாரிப்பாளர் சொன்ன திருகையே போட வேண்டும். மிகையாக இறுக்கினால் உள்ளே மரை அரைபட்டுவிடும்.

இனி நடுக்கோடு. இன்சோலை வெளியே எடுத்து, தரையில் வைத்து, அதன்மேல் நின்று, பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே ஒரு புள்ளி வையுங்கள். அதே இடத்தைப் பூட்டின் அடியில் குறியுங்கள். ஹீலின் அகலத்தை அளந்து, பாதியில் இன்னொரு புள்ளி. இரண்டையும் இணைக்கும் கோடுதான் தொடக்கக் கோடு. அடிப்பாகத்தின் வெளி வடிவத்தை நம்பி நடுவைத் தீர்மானிக்க வேண்டாம், அது இருபுறமும் ஒரே மாதிரி இருக்காது. பூட்டின் பின்பக்கத் தையலையும் முழுக்க நம்பக் கூடாது. நல்ல பூட்ஸிலும் அது ஒரு மி.மீ. விலகியிருப்பதுண்டு. இந்தக் கோடும் முடிந்த முடிவு அல்ல. தீர்ப்பு ஐஸில்தான்.

பிளேடுகளில் இடது, வலது வித்தியாசம் இருக்கிறதா என்று தட்டின் வளைவைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, பிளேடைக் கோட்டின் மேல் வையுங்கள். திருக வேண்டாம், வைத்தால் போதும். பின்தட்டின் பின்விளிம்பு ஹீலின் விளிம்போடு ஒட்டியோ அதற்கு ஓரிரு மி.மீ. உள்ளேயோ இருக்கட்டும். முன்தட்டு அடித்தோலின் முன் ஓரத்துக்கு 3 முதல் 6 மி.மீ. உள்ளே நிற்கட்டும்.

இப்போது, பலரும் தாண்டிப் போய்விடும் ஒரு சோதனை. முன்தட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பின்தட்டைக் கவனியுங்கள். ஹீலின் மேல் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா? தட்டுக்கும் ஹீலுக்கும் இடையே விசிட்டிங் கார்டு ஒன்று தாராளமாக நுழைகிறதா? ஒரு பக்கம் மட்டும் நுழைகிறதா? இடைவெளி இருக்கும் நிலையில் திருகை இறுக்கினால் இடைவெளி மறைந்துவிடும், பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் பூட் அசையாது, வளைந்தது பிளேடு. பின்தட்டு முழுவதும் தாழ்ந்து இறங்கினால் பிளேடின் நீளவாக்கு வளைவு மாறிப்போகும். ஒரு பக்கம் மட்டும் இறங்கினால் பிளேடு முறுக்கிக்கொள்ளும். அதாவது முன்பாதி செங்குத்தாகவும் பின்பாதி சாய்வாகவும் நிற்கும். அதன்பின் தட்டை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் குறை தீராது. காரணம் தெரியாமல் மாதக்கணக்கில் அலைய வைக்கும் கோளாறு இது. எங்கள் கணிப்பில் புதுப் பூட்ஸில் மிக அதிகமாகக் கவனிக்கப்படாமல் போவதும் இதுதான்.

தீர்வு சின்னதுதான். இடைவெளி உள்ள இடத்தில் அதே தடிமனுக்குச் சீவிய கெட்டித் தோல் துண்டை ஒட்டி நிரப்ப வேண்டும். டெக்னீஷியன்கள் இதை ஷிம் என்பார்கள். ஒரு பக்கம் மட்டும் இடைவெளி என்றால் ஆப்பு போல ஓரத்தில் தடித்து, நடுவில் ஒன்றுமில்லாமல் போகும்படி சீவுங்கள். அட்டை வேண்டாம், நனைந்து கூழாகும். ரப்பரும் வேண்டாம், அமுங்கி எழும் பொருள் மேல் திருகு நிற்காது. அடித்தோல் நடுவில் மேடாக இருந்து தட்டு ஊஞ்சல்போல ஆடினால், தட்டையான மரக்கட்டையில் சுற்றிய உப்புக்காகிதத்தால் மேட்டைத் தேய்த்து, மீண்டும் மெழுகிடுங்கள்.

தட்டு நன்றாக உட்கார்ந்த பிறகு, நீள்துளைகளின் சரியான நடுவில் குத்தூசியால் குறியிடுங்கள். ஓரத்தில் குறித்தால் ஒரு பக்கம் நகர்த்த இடமே இருக்காது. டிரில் பிட்டில் திருகின் நீளத்தைவிட 2 மி.மீ. குறைவான இடத்தில் காகித டேப் சுற்றி, டேப் தொடும் வரை மட்டும் துளையுங்கள். ஹீலில் பிட் எதிலாவது இடித்து நின்றால் உள்ளே ஆணி இருக்கிறது என்று பொருள். அழுத்த வேண்டாம், வேறு துளைக்கு மாறுங்கள். திருகுகளைக் கையால்தான் இறக்க வேண்டும். பேட்டரி டிரைவர் நொடியில் தோலை அரைத்துவிடும். எல்லாத் திருகுகளையும் முக்கால்வாசி இறக்கி, கோடு விலகவில்லை என்று பார்த்து, பிறகு முன்னொன்று பின்னொன்றாக மாறி மாறி இறுக்குங்கள். முடிந்ததும் பூட்டுக்குள் கைவிட்டு அடி முழுவதையும் தடவிப் பாருங்கள். நுனி எதுவும் கையில் தட்டக் கூடாது.

தற்காலிகப் பொருத்தத்தில் சறுக்கலாம், திரும்பலாம். தாவல்களும் வேகச் சுழற்சிகளும் கூடாது. சில திருகுகள் மட்டும் பிடித்திருக்கும் பிளேடு, தாவி இறங்கும் அடியில் பிய்ந்துகொண்டு வரும்.

ஐஸில் கண்டுபிடிப்பது

ஹாக்கி ரிங்க் என்றால் அதிலுள்ள நீலக்கோடு நல்ல துணை. 30 செ.மீ. அகலத்தில் ரிங்கின் குறுக்கே நேராக ஓடுகிறது. கூட்டமில்லாத நேரத்தில் அதன் மேலேயே சறுக்குங்கள். பத்து நிமிடம் உடல் சூடேறிய பிறகு, இரண்டு காலில் நேராக வந்து, ஒரு காலை மெல்ல எடுங்கள். நிற்கும் காலின் முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும். கைகள் பக்கவாட்டில், பார்வை எதிர்ச்சுவரில். காலை வலுவில் நேராக்க முயலாமல், எங்கே போகிறதோ போக விடுங்கள். ஒவ்வொரு காலுக்கும் ஐந்து முறை. ஒருவர் பின்னாலிருந்து கைபேசியில் படம் பிடிக்கட்டும். ஐந்தில் நான்கு முறையாவது ஒரே பக்கம் இழுத்தால்தான் கணக்கில் எடுக்க வேண்டும். இரண்டு முறை இப்படி, மூன்று முறை அப்படி என்றால் அது சமநிலைப் பயிற்சியின் குறை, பிளேடின் குறை அல்ல.

அடுத்து, அதே சறுக்கலை இரண்டு விதமாகச் செய்யுங்கள். ஒரு தடவை எடையைப் பாதத்தின் முன்மேட்டில் வைத்து, இன்னொரு தடவை ஹீலுக்கு முன்னால் வைத்து. இப்படிப் பிரித்துப் பார்த்தால், நகர வேண்டியது முன்தட்டா, பின்தட்டா, இரண்டுமா என்பது தெரிந்துவிடும்.

இரண்டு நிலையிலும் உள்விளிம்பின் மேலேயே விழுந்தால், அதாவது கட்டைவிரல் பக்கம் சாய்ந்தால், எடை பிளேடுக்கு உள்பக்கமாக இறங்குகிறது. பிளேடு எடைக்குக் கீழே வர வேண்டும். ஆகவே முழு பிளேடையும் உள்பக்கம், கட்டைவிரல் இருக்கும் பக்கம் நகர்த்துங்கள். வெளிவிளிம்பில் விழுந்தால் சுண்டுவிரல் பக்கம் நகர்த்துங்கள். இதைத் தலைகீழாகச் செய்துவிடுபவர்கள் பலர். உள்ளே விழுகிறது என்று வெளியே இழுப்பார்கள், சாய்வு இன்னும் கூடும். எந்தப் பக்கம் விழுகிறீர்களோ அந்தப் பக்கமே பிளேடும் போக வேண்டும்.

முன்மேட்டில் நிற்கும்போது மட்டும் உள்ளே விழுந்து, ஹீல் பக்கம் நின்றால் நேராகப் போகிறது என்றால், பின்தட்டைத் தொடாமல் முன்தட்டை மட்டும் உள்ளே நகர்த்துங்கள். முன்னால் உள்ளேயும் பின்னால் வெளியேயும் விழுந்தால் பிளேடு கோட்டுக்குக் குறுக்காகத் திரும்பியிருக்கிறது. அங்கே முன்தட்டு உள்ளே, பின்தட்டு வெளியே. அதற்கு முன் முறுக்கு இல்லை என்று ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். முறுக்கிய பிளேடும் இதே அறிகுறியைத்தான் காட்டும்.

முன்னோக்கிப் போகும்போது டோ பிக் தட்டித் தடுமாறுவது வேறு. அது பெரும்பாலும் எடை விரல்பக்கம் போவதால் வருவது. பழைய ஸ்கேட்டைவிடப் புதுப் பூட்ஸின் ஹீல் உயரமாக இருந்தால் சில நாள் அப்படித்தான் இருக்கும். அதற்காகப் பிளேடை நகர்த்த வேண்டாம்.

நகர்த்தும்போது

ஒரு தடவைக்கு 1.5 மி.மீ., அதற்கு மேல் வேண்டாம். தட்டின் ஓரத்தை ஒட்டி அடித்தோலில் மார்க்கரால் மெல்லிய கோடு போட்ட பிறகே திருகைத் தளர்த்துங்கள். எவ்வளவு நகர்ந்தது என்பதை அந்தக் கோடுதான் சொல்லும். நகர்த்தப் போகும் தட்டின் திருகுகளை அரை முதல் ஒரு சுற்றுவரை தளர்த்துங்கள். மற்றத் தட்டின் திருகுகளைக் கால் சுற்று தளர்த்தினால் போதும், அது அச்சுப்போல இருந்து கொடுக்கும். கட்டைவிரலால் தள்ளுங்கள், அசையாவிட்டால் பிளாஸ்டிக் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். இறுக்கும்போது தட்டு திருகோடு சேர்ந்து பழைய இடத்துக்கு இழுபடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒரு காலை மட்டும் மாற்றுங்கள், ஒரு தட்டை மட்டும் மாற்றுங்கள், பிறகு ஐஸில் பாருங்கள். இரண்டு கால்களையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலித்தது, எது கெடுத்தது என்று தெரியாது. மாற்றிய உடனே கால் விநோதமாகத்தான் உணரும். பழைய கோணலுக்கு ஈடுகொடுக்க உடல் தானே ஒரு பக்கம் சாய்ந்து பழகியிருக்கும். ஒரு முழுப் பயிற்சி நேரத்தைக் கொடுத்த பிறகே தீர்ப்பு சொல்லுங்கள்.

மொத்தம் 3 மி.மீ. நகர்த்தியும் அதே பக்கம் விழுந்தால் நிறுத்துங்கள். அதற்கு மேல் நகர்த்தினால் குறை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போகும், அவ்வளவுதான். அந்த நிலையில் காரணம் பாதமாக இருக்க வாய்ப்பு அதிகம். முதலில் இன்சோலைப் பார்க்க வேண்டும். பாதத்தின் வளைவுக்குத் தாங்கல் கொடுக்கும் இன்சோல், தட்டுக்கு அடியில் வைக்கும் எந்த ஷிம்மையும்விட நல்ல மருந்து, ஏனென்றால் அது சாய்வு தொடங்கும் இடத்திலேயே பிடித்து நிறுத்துகிறது. அதுவும் போதாவிட்டால்தான் சாய்வுக்கான ஷிம். உள்பக்கம் விழும் காலுக்குத் தட்டின் உள்ஓரத்தில், வெளிப்பக்கம் விழும் காலுக்கு வெளிஓரத்தில், ஆப்பு வடிவத்தில், தடித்த ஓரம் 1 மி.மீ. முன்தட்டிலும் பின்தட்டிலும் ஒரே அளவு சாய்வு இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் வைத்தால் பிளேடை நீங்களே முறுக்கியதாகிவிடும்.

நிரந்தரமாக்குதல்

மூன்று நான்கு பயிற்சிகளில் பொருத்தத்தை மாற்றத் தோன்றவில்லை என்றால் வட்டத்துளைகளில் திருகலாம். நீள்துளைத் திருகுகளைக் கழற்றாமல், அவை பிடித்திருக்கும்போதே வட்டத்துளைகளைத் துளைத்துத் திருகுங்கள். அப்படியானால் பிளேடு கடுகளவும் அசையாது. துளையிடும் பிட் வட்டத்துளையின் கச்சிதமான நடுவில் இறங்க வேண்டும். சற்று விலகினாலும் திருகின் சாய்ந்த தலை தட்டைத் தன் பக்கம் இழுக்கும். பொறுமையாகச் செய்த சரிசெய்தல் எல்லாம் அந்த ஒரே திருகில் பாழாகும். திருகை இறக்கும் முன் மரையில் கொஞ்சம் தேன்மெழுகு தடவுங்கள். எளிதாக இறங்கும், துளைக்குள் தண்ணீரும் போகாது.

எல்லாத் துளைகளையும் நிரப்ப வேண்டாம். முன்தட்டில் இரண்டும் பின்தட்டில் ஒன்றும் காலியாக விட்டு வையுங்கள். பின்னாளில் ஏதாவது துளை கெட்டுப்போனால் அவைதான் கைகொடுக்கும். காலித் துளைகளில் மெழுகு அடைத்துவிடுங்கள்.

பிறகு வரும் தொல்லைகள்

புதுத் தோல் அமுங்கும். அதனால் முதல் நான்கைந்து பயிற்சிகளில் ஒவ்வொன்றுக்கும் பிறகு திருகுகளைத் தொட்டுப் பாருங்கள், அதன்பின் மாதம் ஒருமுறை. தரையில் தட்டும்போது "டக் டக்" என்ற சத்தமோ, தாவி இறங்கும்போது மெல்லிய கிறீச்சோ கேட்டால் அன்றே பார்க்க வேண்டும். எங்கோ ஒரு திருகு தளர்ந்திருக்கும், அல்லது தட்டுக்கும் ஹீலுக்கும் இடையே தண்ணீர் புகுந்திருக்கும். தளர்ந்த திருகை இறுக்க இறுக்கச் சுற்றிக்கொண்டே போனால் துளை கெட்டுவிட்டது என்று பொருள்.

கெட்ட துளையைச் சரிசெய்ய: திருகைக் கழற்றித் துளையை ஒரு நாள் உலர விடுங்கள். நீரில் கரையாத வகை மரப்பசையில் நனைத்த பல்குச்சிகளைத் துளை நிறையும் வரை இறுக்கமாகச் சொருகி, மேல்மட்டத்தில் வெட்டி, 24 மணி நேரம் காய விடுங்கள். பிறகு நடுவில் புதிதாக வழித்துளை போட்டுத் திருகுங்கள். இது தோல் அடிப்பாகத்துக்கு மட்டும். திருகு தளராமல் இருக்க இயந்திரக் கடையில் விற்கும் மரைப்பூட்டுத் திரவத்தை ஊற்றலாமா என்று பலர் கேட்பார்கள். வேண்டாம். அது உலோகத்துக்கும் உலோகத்துக்கும் இடையே இறுகுவது. தோலில் பயனில்லை, சில பிளாஸ்டிக்குகளை வெடிக்கவும் வைக்கும்.

பிளேடைப் பழைய துளைக்குப் பாதி மேலேறும் புது இடத்துக்கு மாற்ற நேர்ந்தால், பழைய துளையை இதே முறையில் அடைத்துக் காய்ந்த பிறகே புதுத்துளை போடுங்கள். இல்லாவிட்டால் டிரில் பிட் வழுக்கிப் பழைய துளைக்குள்ளேயே போகும், திருகும் அதன் வழியே சாயும்.

வீட்டில் தொடக்கூடாத சில வேலைகளும் உண்டு. ரிவெட்டைத் துளைத்து எடுப்பது, வளைந்த பிளேடை நிமிர்த்துவது, தட்டும் அதைப் பிளேடோடு இணைக்கும் தண்டும் சேரும் பற்றுவைப்பில் விரிசல் கண்டால் ஒட்டுவது. விரிசல் உள்ள பிளேடோடு ஐஸில் இறங்கவே கூடாது. உத்தரவாதக் காலத்தில் உள்ள பூட்ஸில் நீங்களே துளையிட்டால் உத்தரவாதம் செல்லுமா என்பதைக் கடையில் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். டெக்னீஷியனிடம் போகும்போது, பூட்ஸோடு பின்னாலிருந்து எடுத்த அந்தக் கைபேசிப் படத்தையும், எந்தக் காலில், எடை எங்கே இருக்கும்போது, எந்தப் பக்கம் விழுகிறது என்று எழுதிய துண்டுச்சீட்டையும் எடுத்துப் போங்கள். "கோணலாக இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் அவர் மேசையில் வைத்துப் பார்த்து, நேராகத்தானே இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.